கோதுமையும் இல்லை, கதிரும் இல்லை

ஆங்கிலப் பறவைப் பெயர்களுக்கு விளக்கம் எழுதுகிறவர்களில் பலர் சறுக்கி விழும் இடம் 'வீட்இயர்'. பெயரை இரண்டாகப் பிளக்கிறார்கள். 'வீட்' கோதுமை, 'இயர்' கதிர். ஆகவே இது கோதுமை வயலுக்கு வரும் குருவி என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இது பூச்சி பிடித்துத் தின்னும் குருவி. குட்டைப் புல்லும் கல்லும் பாறையும் உள்ள வெட்டவெளிதான் அதற்குப் பிடிக்கும்.

தரையிலிருந்து அது எழும்பும்போது பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். வாலில் தலைகீழ் 'டி' வடிவில் கறுப்பு, அதற்கு மேலே பளிச்சென்று வெள்ளை. பெயர் அங்கிருந்துதான் வந்தது: 'வைட்' என்ற வெள்ளையும் 'ஆர்ஸ்' என்ற பிட்டமும். பிரெஞ்சுக்காரர்களும் இதைக் 'க்யூ பிளாங்' என்கிறார்கள், அதே பொருள்தான். முகம் சுளிக்க வேண்டாம், நம் பறவை நூல்களிலும் செங்குதச் சின்னான் இருக்கிறதே!

பெயரின் பழைய வடிவமான 'வீட்இயர்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' பிட்டத்தைச் சேர்ந்தது. அதைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டியதில் 'வீட்இயர்' மிஞ்சியது. 'பீஸ்' என்ற பட்டாணி 'பீ' ஆனதும் இப்படித்தான். போதாததற்கு, தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளில் ஆட்டிடையர்கள் இந்தக் குருவியைக் கண்ணி வைத்துப் பிடித்து விற்றது கோடைக் கடைசியில், அறுவடையை ஒட்டி. கோதுமைக் கதைக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

இன்னொரு தவறு, விவரம் தெரிந்தவர்களே செய்வது. விக்டோரியா காலத்து நாகரிகக்காரர்கள் கூச்சப்பட்டுப் பெயரை மாற்றினார்கள் என்பார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். கோதுமை வேடம் போட்ட இந்தப் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது.

'ரெட்ஸ்டார்ட்' என்ற குருவியில் வரும் 'ஸ்டார்ட்' தொடக்கம் அல்ல, பழைய ஆங்கிலத்தில் வால். செவ்வாலி என்றால் சரி.

'கிரேஹவுண்ட்' நாயைச் சாம்பல்நிற வேட்டைநாய் என்று மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நிறத்தைக் குறிக்கும் 'கிரே' வேறு சொல். இதன் முன்பாதிக்கு உறவு, ஸ்காண்டிநேவியர்களின் பழைய நோர்ஸ் மொழியில் பெட்டை நாயைக் குறித்த 'கிரே'. நாயைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும்: கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு, வரிபோட்டது என்று பல நிறங்களில் இருக்கிறது.