கையெழுத்துப் போடுமுன் ஒரு தாள் எடுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தெரிந்தவர் ஒருவர், "மாதம் 10 விழுக்காடு லாபம், இன்றே சேர்ந்தால்தான் இடம்" என்று ஒரு முதலீட்டுத் திட்டத்துக்கு அழைத்தால், முதலில் கணக்குப் போடுங்கள். லாபத்தையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டால், 10,000 வெள்ளி (ரிங்கிட்) ஓராண்டில் 31,000 வெள்ளியைத் தாண்ட வேண்டும். மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியம் (EPF) 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் தந்த லாப ஈவே 6.3 விழுக்காடுதான்.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று எண்ணவே வேண்டாம். ஆசை முதலில் முடிவெடுத்துவிடுகிறது. அறிவு பின்னால் வந்து காரணம் தேடிக் கொடுக்கிறது. அறிவு கூர்மையாக இருந்தால் காரணங்களும் அழகாக அமைந்துவிடுகின்றன! அதனால்தான் தாளில் எழுதச் சொல்கிறேன்: உரிமம் யாருடையது? பணம் போனால் யாரைக் கேட்பேன்? ஏன் இன்றே? மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, உரிமமில்லாத நிறுவனங்களைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது.

பயத்துக்கும் இதே தாள்தான். சம்பள உயர்வு கேட்க, இரவு வகுப்பில் சேர, ஆண்டுக்கணக்கில் தயங்கியே மனம் வாடிப்போனவர்கள் நம்மிடையே நிறைய. நடக்கக்கூடிய மிக மோசமானதை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் "மேலாளர் முடியாது என்பார்" என்பதோடு முடிந்துவிடும்.

பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியை அல்லது மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் (NSRC) 997 எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.