உங்கள் வீடியோவைப் பார்த்தது யார்? பெயர் தெரியும் இடங்களும் தெரியாத இடங்களும்

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் 4,000 வியூஸ். சேலை வாங்கக்கூடியவர்கள் பார்த்தார்களா, விரலால் தள்ளிக்கொண்டே போனவர்கள் பார்த்தார்களா, இல்லை பக்கத்துக் கடைக்காரர்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாரா? கடை வைத்திருக்கும் யாருக்கும் இது நியாயமான கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். யூடியூப் வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், ஃபேஸ்புக் வீடியோ இந்த மூன்றிலும் பார்த்தவர் பெயரைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. காசு கட்டினாலும் கிடையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ஸ்டோரி, ஃபேஸ்புக் ஸ்டோரி ஆகியவற்றில் மட்டும் பெயர் தெரியும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர் "எங்க டிக்டாக்ல பேர் தெரியுதே" என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்வது புரொஃபைலைப் பார்த்தவர் பட்டியலாக இருக்கலாம். இரண்டு பக்கமும் அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால் 30 நாள் வரை அதில் பெயர் வரும். இந்தியாவில் 2020 ஜூனிலேயே டிக்டாக்கைத் தடை செய்துவிட்டதால் நமக்கு அது பயன்படாது.

பெயர் தெரியும் இடங்கள்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து ஆரம்பிக்கலாம். வீடியோவை ஸ்டேட்டஸாகப் போட்ட பிறகு அதைத் திறந்தால் கீழே கண் படமும் ஓர் எண்ணும் இருக்கும். அதைத் தொட்டாலோ மேலே இழுத்தாலோ பார்த்தவர்களின் பெயரும் பார்த்த நேரமும் வரும். 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸோடு பட்டியலும் போய்விடும். வேண்டுமென்றால் அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு இந்தப் பட்டியல் காலியாகவே இருக்கும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உங்கள் போனில் ரீட் ரிசீப்ட்ஸ் அணைந்திருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி என்று போய்ப் பாருங்கள். அந்த நீல டிக் வசதியை நீங்கள் அணைத்து வைத்திருந்தால் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தவர் பெயரும் உங்களுக்கு வராது. அணைத்து வைத்திருப்பவர் பார்க்கிறவராக இருந்தாலும் இதே கதைதான், அவர் பார்த்திருப்பார், பட்டியலில் இருக்க மாட்டார். இரண்டாவது காரணம் எண். நீங்கள் அவர் எண்ணையும் அவர் உங்கள் எண்ணையும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் போய்ச் சேரும். கடைக்கு வந்த வாடிக்கையாளர் எண்ணை நீங்கள் சேமித்துக்கொண்டால் மட்டும் போதாது. "அக்கா, நம்ம கடை நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கோங்க" என்று பில் போடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போட்டால் இன்னும் வசதி. நீங்கள் போட்ட வீடியோவை விரலால் அழுத்திப் பிடித்து, மேலே வரும் மெனுவில் இன்ஃபோ என்பதைத் தொடுங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று இரண்டு பட்டியல் தனித்தனியாக இருக்கும். நீல டிக்கை அணைத்தவர்களும் குரூப்பில் தப்ப முடியாது, ஏனென்றால் அந்த அணைப்பு குரூப்புக்குச் செல்லாது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'படித்தார்' என்றால் அந்தச் செய்தி அவர் திரையில் வந்தது என்று மட்டுமே பொருள். வீடியோவை ஓட்டிப் பார்த்தாரா என்பதை அது சொல்லாது. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயிகள் குரூப்பில் மருந்து தெளிக்கும் முறையை வீடியோவாகப் போட்டுவிட்டு, 'எல்லாரும் பார்த்துவிட்டார்கள்' என்று இந்தப் பட்டியலை நம்பி இருந்துவிடக் கூடாது.

இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் இடது ஓரம் கீழே சிறு சிறு முகப்படங்கள் தெரியும், மேலே இழுத்தால் பட்டியல். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்தாலும் பட்டியல் மொத்தம் 48 மணி நேரம் இருக்கும். மறைந்த பிறகு பார்க்க புரொஃபைலில் மூன்று கோடு, ஆர்கைவ், அந்த ஸ்டோரி என்று போகவேண்டும். ஹைலைட்டில், அதாவது புரொஃபைலில் நிலையாக நிற்கும் ஸ்டோரியாகச் சேர்த்து வைத்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குப் பின் பெயர்கள் கிடைக்காது. ஃபேஸ்புக் ஸ்டோரியில் நண்பர்கள் பெயர் வரும், நண்பர் அல்லாதவர்கள் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள்.

யூடியூப்பில் பெயருக்குப் பதிலாக என்ன கிடைக்கும்

இங்கே பெயர் கிடையாது. ஆனால் பார்ப்பவர் எப்படிப்பட்டவர் என்று அறிய இவ்வளவு விவரம் வேறெங்கும் இலவசமாகக் கிடைக்காது. யூடியூப் ஸ்டூடியோ ஆப்பிலும் பார்க்கலாம், கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் விரிவாக இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் போனில் குரோமைத் திறந்து மூன்று புள்ளியில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டு, ஸ்டூடியோ டாட் யூடியூப் டாட் காம் போங்கள்.

1. இடது பக்கம் 'கன்டென்ட்' தொட்டு, ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து, அதற்குள் 'அனலிடிக்ஸ்' போங்கள். நேரடியாகச் சேனலின் அனலிடிக்ஸுக்குப் போக வேண்டாம், காரணம் கீழே.

2. மேலே 'ஆடியன்ஸ்' என்ற தலைப்பைத் தொடுங்கள். வயது, ஆண் பெண், நாடு ஆகியவை சதவீதமாக வரும். புதிதாக வந்தவர் எத்தனை, திரும்ப வந்தவர் எத்தனை என்பதும் உண்டு.

3. ஊர் தெரிய வேண்டுமானால் 'அட்வான்ஸ்டு மோட்' திறந்து 'சிட்டீஸ்' தேர்ந்தெடுங்கள்.

4. 'ரீச்' தலைப்பில், எந்த வழியாக வந்தார்கள் என்று பாருங்கள். யூடியூப் தேடலா, பக்கத்தில் காட்டிய வீடியோவா, வெளியிலிருந்தா? வெளியிலிருந்து வந்ததை, அதாவது 'எக்ஸ்டெர்னல்' என்பதைத் திறந்தால் வாட்ஸ்அப், கூகுள், ஃபேஸ்புக் என்று பிரித்துக் காட்டும்.

சேனலின் மொத்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இது. தை மாதம் பிறக்கும்போது அலங்காநல்லூர் வாடிவாசலில் எடுத்த 20 விநாடித் துண்டு ஒன்றை ஷார்ட்ஸாகப் போட்டிருப்பீர்கள். அது ஓடு ஓடென்று ஓடியிருக்கும். அடுத்த 28 நாளைக்கு உங்கள் சேனலைத் திறந்தால் இளைஞர்கள் கூட்டம், வெளிநாடுகள் பல. அதைப் பார்த்துச் சேலை வீடியோவின் பேச்சையும் விலையையும் மாற்றினால் எல்லாம் தவறிப் போகும். சேலை வீடியோவைத் தனியாகத் திறந்து பார்த்தால் அங்கே 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இருப்பார்கள். அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள்.

வயதுக் கணக்கிலும் ஒரு கோணல் உண்டு. கூகுள் கணக்கில் பதிந்த வயதைத்தான் யூடியூப் எடுத்துக்கொள்ளும். மேலூரில் ஒரு வீட்டில் பேரன் கணக்கில் ஓடும் டிவியில் அப்பத்தா உட்கார்ந்து பார்த்தால், அது 18 முதல் 24 வயது ஆண் என்றே பதிவாகும். ஊர்க் கணக்கும் அப்படித்தான். போனின் இணைய முகவரி சென்னையில் பதிவாகியிருந்தால் திருமங்கலத்தில் இருந்து பார்த்தவரும் சென்னைக்காரராகவே தெரிவார். எனவே 'மதுரை 6 சதவீதம்தானா' என்று சோர்ந்துபோக வேண்டாம். பெரிய ஏற்ற இறக்கங்களை மட்டும் நம்புங்கள், இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை விட்டுவிடுங்கள்.

பெட்டி காலியாக, போதிய விவரம் இல்லை என்று வந்தால் உங்கள் தவறு எதுவுமில்லை. கொஞ்சம் பேர் மட்டுமே பார்த்திருக்கும்போது, ஆளை அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று யூடியூப் மறைத்துவிடும். தேதியை 28 நாளிலிருந்து 90 நாளாக மாற்றிப் பாருங்கள்.

வியூஸும் ஆட்களும் ஒன்றல்ல. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. நின்று பார்த்தவர்களை அறிய 'என்கேஜ்டு வியூஸ்' என்ற வரியைப் பாருங்கள். எத்தனை ஆட்கள் என்பதற்கு 'யுனீக் வியூவர்ஸ்'. அதுவும் மதிப்பீடுதான் என்றாலும் 4,000-க்குப் பின்னால் இருப்பது 3,000 பேரா 1,200 பேரா என்று ஏறக்குறைய புரியும்.

எங்கள் கருத்தில், யார் பார்த்தார் என்பதைவிட எங்கே விட்டுவிட்டுப் போனார் என்பது பெரிய செய்தி. அதே அனலிடிக்ஸில் 'ஆடியன்ஸ் ரிடென்ஷன்' என்று ஒரு கோட்டுப் படம் இருக்கும். 5 நிமிட வீடியோவில் முதல் 40 விநாடி கோபுரத்தையும் மாசி வீதியையும் காட்டிவிட்டு அப்புறம் சேலைக்கு வந்தீர்கள் என்றால், அந்த 40 விநாடிக்குள் கோடு கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியிருக்கும். கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்தினால் எந்த விநாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று காட்டும். முடிச்சை அவிழ்த்துச் சேலையை விரிக்கிற இடத்தில் கோடு மேடு கட்டியிருந்தால் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று பொருள். அடுத்த வீடியோவை அந்தக் காட்சியில் தொடங்குங்கள்.

சந்தாதாரர் பெயர் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். ஸ்டூடியோவின் டாஷ்போர்டில் 'ரீசன்ட் சப்ஸ்க்ரைபர்ஸ்' பெட்டியில் 'சீ ஆல்' தொடுங்கள். தங்கள் சந்தாவை வெளியில் காட்டச் சம்மதித்தவர்கள் மட்டும் அதில் வருவார்கள். பெரும்பாலோருக்கு அது மறைவாகவே இருப்பதால் 500 பேர் சேர்ந்திருந்தாலும் பட்டியல் குட்டியாக இருக்கும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்

விவரம் பார்க்க புரொஃபெஷனல் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட் டைப் அண்ட் டூல்ஸ்' போய் மாற்றலாம், கட்டணம் இல்லை. ஆனால் பூட்டி வைத்த பிரைவேட் கணக்கு அப்போது எல்லாருக்கும் திறந்துவிடும். குடும்பப் படங்கள் இருக்கும் கணக்கை மாற்றாதீர்கள், கடைக்கென்று தனிக் கணக்கு திறங்கள். மாற்றியபின் ஒவ்வொரு ரீலின் கீழும் 'வியூ இன்சைட்ஸ்' வரும். உங்களைப் பின்தொடர்பவர் எத்தனை சதவீதம், வெளியாள் எத்தனை சதவீதம் என்பதுதான் அதில் முக்கியம். பின்தொடர்பவர்களின் வயது, ஊர் விவரம் 100 பேர் சேர்ந்த பிறகே வரும். லைக் போட்டவர் பெயர் தெரியும். பார்த்துவிட்டு லைக் போடாமல் போனவர் தெரிய மாட்டார்.

பெயர் காட்டுகிறேன் என்று வரும் ஆப்கள்

தேடினால் பத்து கிடைக்கும். ஒன்றுகூட வேலை செய்யாது. இன்ஸ்டாகிராமும் யூடியூப்பும் பார்த்தவர் பட்டியலை வெளி ஆப் எதற்கும் கொடுப்பதில்லை, இல்லாத பட்டியலை யாராலும் எடுத்துக் காட்ட முடியாது. இந்த ஆப்கள் உங்கள் பின்தொடர்பவர்களையும் லைக் போட்டவர்களையும் கலைத்து அடுக்கி 'இவர்தான் பார்த்தார்' என்று காட்டும். நடுவில் உங்கள் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பேஜ் சோர்ஸைத் திறந்து எண்களைத் தேடச் சொல்லும் பழைய ஃபேஸ்புக் வித்தையும் இந்த வகைதான். அங்கே வருவது சாட்டுக்காக ஃபேஸ்புக் வைத்திருக்கும் நண்பர் வரிசை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பதறாமல் இந்த வரிசையில் செய்யுங்கள். ஆப்பை மட்டும் அழித்துவிட்டு நின்றால் பயனில்லை, கடவுச்சொல் அவர்களிடம்தான் இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து இன்ஸ்டாகிராமில் அக்கவுன்ட்ஸ் சென்டர், 'பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டி' போய், எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறது என்று பார்த்துத் தெரியாத போன்களை வெளியேற்றுங்கள். அங்கேயே 'டூ ஃபாக்டர்' வசதியை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பூட்டை இயக்குங்கள். யூடியூப்புக்கு கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில், வெளி ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். கடைசியில் ஆப்பை அழியுங்கள். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசி, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள்.

பெயரே வேண்டும் என்றால்

பார்த்தவர் தானாக வந்து சொல்லும்படி செய்வதுதான் ஒரே வழி. அதற்குக் குறிச்சொல் நன்றாக வேலை செய்கிறது. யூடியூப் வீடியோவின் நடுவில், கடைசியில் அல்ல, "போன் பண்ணும்போது 'வைகை'னு சொல்லுங்க, 50 ரூபாய் குறைச்சுக்கிறோம்" என்று சொல்லுங்கள். ரீல்ஸில் 'அழகர்', ஃபேஸ்புக்கில் 'தெப்பம்'. ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைத்தால் எங்கிருந்து வந்தார் என்று பிரிக்க முடியாது. கடைசியில் வைத்தால் பாதியில் போனவர் காதில் விழாது. எழுத்திலும் போடாதீர்கள், போட்டால் பார்க்காதவரும் சொல்லிவிடுவார். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு தேதி, பெயர், ஊர், குறிச்சொல் என்று நாலு கட்டம் போடுங்கள்.

லிங்க் வழி இன்னும் சுலபம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் 'பிசினஸ் டூல்ஸ்', 'ஷார்ட் லிங்க்' போய், 'டிஃபால்ட் மெசேஜ்' இயக்கி, 'யூடியூப்பில் சுங்குடி வீடியோ பார்த்தேன், விலை சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். அந்த லிங்க்கை வீடியோவின் விளக்கப் பகுதியில் முதல் வரியாக வையுங்கள். தொட்டவருக்கு அந்த வாக்கியம் எழுதியபடியே உங்கள் சாட் திறக்கும், அவர் அனுப்பினால் எண்ணும் அவர் வைத்திருக்கும் பெயரும் உங்களுக்கு வந்துவிடும். ஷார்ட்ஸின் விளக்கத்தில் வைத்தால் தொட்டாலும் திறக்காது, 2023 ஆகஸ்ட் கடைசியில் யூடியூப் அதை நிறுத்திவிட்டது. அங்கே 'ரிலேட்டட் வீடியோ'வாக உங்கள் நீள வீடியோவை இணைத்து, லிங்க்கை அந்த நீள வீடியோவில் வையுங்கள். புதிய சேனலில் நீள வீடியோவிலும் லிங்க் வெறும் எழுத்தாக நின்றால், ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், சேனல், 'ஃபீச்சர் எலிஜிபிலிட்டி' திறந்து 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கும்வரை குறிச்சொல்லே போதும்.