வங்கிகளின் செயல்திறனை அளப்பது எப்படி?

தரவுக்காக மும்பை ஃபோர்ட்டில் இருக்கும் ரிசர்வ் வங்கி வாசலுக்குப் போகத் தேவையில்லை. மாட்டுங்காவில் வீட்டில் உட்கார்ந்தபடியே, வங்கிவாரியான புள்ளிவிவரங்களை அதன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் அந்தந்த வங்கியின் ஆண்டறிக்கையைத் திறங்கள்: அட்டவணை 3 டெபாசிட், 8 முதலீடு, 9 கடன், 10 நிலையான சொத்து, 16 நடைமுறைச் செலவு. ஊழியர் செலவு 16-இன் முதல் வரியிலேயே இருக்கும்.

முறை டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ.; 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் தந்தது. போட்டதற்கு எவ்வளவு எடுத்தது என்று ஒவ்வொரு வங்கியையும் சிறந்தவற்றோடு ஒப்பிடும்; சிறந்ததற்கு மதிப்பெண் 1. ஒரு வங்கி 100 கோடி செலவில் 2,000 கோடி கடனைக் கையாள்கிறது, இன்னொன்று 150 கோடியில் 2,400 கோடி. ரூபாய்க்கு 20, 16. இரண்டாவதன் மதிப்பெண் 16/20, அதாவது 0.80: அதே கடனுக்கு 20 சதவீதம் குறைவாகச் செலவழித்திருக்கலாம்.

உள்ளீடாக ஊழியர் செலவு, நிலையான சொத்து, டெபாசிட். வெளியீடாகக் கடன், முதலீடு. டெபாசிட் எந்தப் பக்கம் என்பது தீராத சண்டை. ஒரு பக்கம் வைத்தால் கடைசிவரை அங்கேயே வையுங்கள். உள்ளீடு, வெளியீடு சேர்த்து மாறிகள் 5 என்றால் குறைந்தது 15 வங்கிகள் வேண்டும். அரசு வங்கிகள் 12-ஐ மட்டும் போட்டால் பாதிக்கு மேல் 1 வாங்கிவிடக்கூடும். தனியார் வங்கிகளையும் சேருங்கள்.

அதிகம் சறுக்குவது வாராக்கடனில். கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி இந்தக் கணக்கில் கெட்டிக்காரனாகத் தெரியும். எனவே வாராக்கடனைக் கழியுங்கள். ஆனால் அட்டவணை 9-இல் இருப்பது, வாராக்கடன் நட்டத்துக்காக வங்கி எடுத்துவைக்கும் ஒதுக்கீடு போன நிகரத் தொகை. அதிலிருந்து, அதேபோல் ஒதுக்கீடு போன நிகர வாராக்கடனைத்தான் கழிக்க வேண்டும். மொத்த வாராக்கடனைக் கழித்தால் ஒதுக்கீடு இரண்டு முறை போய்விடும்.

அடுத்த பொறி இணைப்பு. 1.4.2020 அன்று ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடு சேர்ந்தன. 2020-21-க்கு ஆண்டுத் தொடக்கம், முடிவு இரண்டின் சராசரி எடுத்தால், தொடக்கத்தில் ஒரு வங்கி, முடிவில் மூன்று! தொடக்க எண்ணில் மூன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல் வங்கிகளுக்கும் இதே வேலைதான்.

‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் ‘பெஞ்ச்மார்க்கிங்’ தொகுப்பில் அளவு மாறா விளைவு (உள்ளீடு இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் என்ற அனுமானம்), மாறும் விளைவு (அப்படி இருக்கத் தேவையில்லை என்ற அனுமானம்) இரண்டையும் ஓட்டுங்கள். முதலாவதன் மதிப்பெண்ணை இரண்டாவதன் மதிப்பெண்ணால் வகுத்தால் அளவுத் திறன், அதாவது வங்கியின் அளவு எவ்வளவு பொருத்தம் என்பது, கிடைக்கும். பிறகு மதிப்பெண் 1 பெற்ற வங்கிகளை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒரே வங்கியை எடுத்ததும் மற்ற எல்லா வங்கிகளின் மதிப்பெண்ணும் துள்ளி ஏறினால், அந்த வங்கியின் எண்ணை ஆண்டறிக்கையோடு ஒப்பிடுங்கள். தட்டச்சுப் பிழையாகக்கூட இருக்கும்.

டி.இ.ஏ.வுக்குத் தற்செயல் பிழை தெரியாது, எல்லாம் திறனின்மைதான். அதைப் பிரித்துப் பார்க்க ஸ்டோகாஸ்டிக் ஃபிரான்டியர் முறை. வெளியீட்டைக் கொண்டு செலவை விளக்கும் செலவுச் சார்பு என்றால் முதலில் சாதாரணப் பின்னடைவு (ரிக்ரெஷன்) ஓட்டி, எச்சங்கள் (உண்மைச் செலவுக்கும் கணித்த செலவுக்கும் உள்ள வித்தியாசங்கள்) வலப்பக்கம் சாய்கின்றனவா, அதாவது பரவலின் நீண்ட வால் வலப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்தால் எல்லா வங்கிக்கும் 1-ஐ ஒட்டிய மதிப்பெண்ணே வரும். எல்லாரும் திறமைசாலிகள் என்று அறிக்கை எழுதிவிடாமல், சார்பின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள்.