பழைய டிஜிட்டல் கேமராவில் நம் வீடியோவை ஓட வைப்பது எப்படி?

போனில் எடுத்த வீடியோவையோ நெட்டில் இறக்கிய வீடியோவையோ மெமரி கார்டில் போட்டு, பழைய டிஜிட்டல் கேமராவில் செருகிப் பாருங்கள். கேமரா அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதனால்தான் 'கேமராவில் அது எடுத்த வீடியோ மட்டும்தான் ஓடும்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நிறைய மாடல்களில் இது முடியும். கம்ப்யூட்டர் மாதிரி எந்தக் கோப்பு வந்தாலும் பிரித்துப் பார்க்கும் வசதி கேமராவுக்குக் கிடையாது. தான் எடுக்கும் கோப்பு எப்படி இருக்குமோ, அச்சு அசலாக அப்படி இருந்தால் ஓட்டும், இல்லாவிட்டால் ஒதுக்கிவிடும். எனவே நம் வேலை ஒன்றே ஒன்று: நம் வீடியோவை அந்தக் கேமராவே எடுத்தது போல ஆக்கிக் கொடுப்பது.

இங்கே 2007-ல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் கேமராவை வைத்து விளக்குகிறேன். அதே காலத்து ஏ வரிசை மாடல்கள் பலவற்றுக்கும் இதே வழிதான். மற்ற கம்பெனி கேமரா வைத்திருப்பவர்களும் முதல் இரண்டு படிகளைத் தவறாமல் செய்யுங்கள். மீதி தானாகப் புரியும்.

ஒரு கார்டு ரீடர் கட்டாயம் வேண்டும். கேமராவை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் படங்களை வெளியே எடுக்கலாம், ஆனால் பழைய பவர்ஷாட்கள் பென்டிரைவ் போலத் திறந்துகொள்ளாது. நாம் விரும்பிய கோப்பை உள்ளே வைக்க முடியாது. கார்டைக் கழற்றி ரீடரில் போடுவதே நேர்வழி.

படி 1: கேமராவிலேயே ஒரு மாதிரி எடுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் வீடியோவின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்: 'பாப்பா முதல் நடை' என்பது போல. கேமராவை வீடியோ மோடுக்கு மாற்றி, அளவை 320 × 240 என்று வைத்து, அந்தத் தாளை நான்கைந்து நொடி எடுங்கள். தாள் எதற்கு என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இப்போது கார்டை ரீடரில் போட்டுத் திறங்கள். டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 100கேனான் என்பது போல மூன்று இலக்க எண்ணில் தொடங்கும் ஃபோல்டர். டிஜிட்டல் கேமராக்களுக்கென்று ஜப்பானில் 1998-ல் வகுத்த டிசிஎஃப் என்ற விதி இது: ஃபோல்டர் பெயரில் மூன்று இலக்கமும் ஐந்து எழுத்தும், கோப்பின் பெயரில் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும். நாமாக வைக்கும் நீளமான பெயர்கள் கேமராவுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

நீங்கள் எடுத்த வீடியோவுக்கு அங்கே இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று எம்விஐ_0012.ஏவிஐ, இதுதான் வீடியோ. இன்னொன்று எம்விஐ_0012.டிஎச்எம். (கார்டில் இவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும், எண் உங்கள் கேமராவில் வேறாக இருக்கலாம்.) இந்த டிஎச்எம் உண்மையில் 160 × 120 அளவுள்ள ஒரு சின்ன ஜேபெக் படம். வீடியோவுக்கு முகப்பாகக் கேமராத் திரையில் தெரிவது அதுதான். இதை அழித்துவிடாதீர்கள்.

படி 2: மாதிரியைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள், பிறகு எந்த கன்வெர்ட்டர் நல்லது என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேமரா எடுத்த ஏவிஐ கோப்பை அதில் திறங்கள். வரும் விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகை பவர்ஷாட்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கன்டெய்னர் (கோப்பு வகை) ஏவிஐ; வீடியோ மோஷன் ஜேபெக்; நொடிக்கு 30 ஃபிரேம்; நிறப் பகுப்பு (நிற விவரத்தை எவ்வளவு சேமிக்கிறது என்பது) 4:2:2; ஆடியோ பிசிஎம் (சுருக்காத ஒலி), 8 பிட், மோனோ, சுமார் 11,025 ஹெர்ட்ஸ். உங்கள் மாதிரியில் வேறு எண் வந்தால் அதையே பின்பற்றுங்கள்; நான் சொல்வதைவிட உங்கள் கேமரா சொல்வதுதான் சரி.

ஏன் மோஷன் ஜேபெக்? அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் படம். ஸ்டில் கேமராவின் சிப்புக்கு ஜேபெக் கைவந்த கலை. இன்றைய போன்கள் பயன்படுத்தும் எச்.264 அப்படியல்ல, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சேமித்து, ஓடும்போது கணக்குப் போட்டுப் படத்தை உருவாக்கும். அந்தக் கணக்கு இந்தக் கேமராவுக்குத் தெரியாது.

படி 3: மாற்றுங்கள்

பலரும் பயன்படுத்தும் ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட்டர் இதற்கு உதவாது; அதில் ஏவிஐ வெளியீடே இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் அடிப்படையில் இயங்கும் கன்வெர்ட்டர் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) எம்ஜேபெக்கும், அதாவது மோஷன் ஜேபெக்கும், ஆடியோவில் பிசிஎம்மும் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடிந்தால் போதும். தாளில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாக அதில் நிரப்புங்கள்.

அளவில் மட்டும் கவனம் வேண்டும். போன் வீடியோ 16:9, கேமராத் திரை 4:3. அப்படியே 320 × 240-க்கு இழுத்தால் முகங்கள் ஒல்லியாகி நீண்டுவிடும். முதலில் 320 × 180 ஆகச் சுருக்கி, மேலே 30, கீழே 30 பிக்சல் கறுப்புப் பட்டை சேருங்கள். மொத்தம் 240 வந்துவிடும்.

640 × 480 வைத்தால் தெளிவு கூடுமே என்று தோன்றும். ஏ570-ன் 2.5 அங்குலத் திரை சுமார் 1,15,000 புள்ளிகள் கொண்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு பிக்சல். அப்படிப் பார்த்தால் திரையில் சுமார் 38,000 பிக்சல்தான்; 320 × 240-லேயே 76,800 இருக்கிறது. ஆகவே கேமராவிலேயே பார்ப்பதற்கு 320 × 240 தாராளம். டிவியில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் 640 × 480 வையுங்கள். அப்போது படி 1-ல் எடுக்கும் மாதிரியும் அதே அளவில் இருக்க வேண்டும். அந்த அளவில் கேமரா எடுக்கும் வீடியோவே நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் விழுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒலியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 11,025 ஹெர்ட்ஸில் பதிந்தால் சுமார் 5,500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் இருக்காது. மழலைப் பேச்சு நன்றாகக் கேட்கும். பாட்டுக் கச்சேரி கொஞ்சம் மங்கித்தான் ஒலிக்கும்.

மாற்றி முடிந்ததும் புதுக் கோப்பையும் மீடியாஇன்ஃபோவில் திறந்து, மாதிரியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கோடெக் ஐடி என்ற வரியும் ஒத்துப்போக வேண்டும்.

படி 4: ஆளை மாற்றுங்கள்

உங்கள் கோப்புக்கு மாதிரியின் பெயரையே, எம்விஐ_0012.ஏவிஐ என்று வைத்து, கார்டில் இருக்கும் மாதிரிக்குப் பதிலாக அதை நகலெடுங்கள். டிஎச்எம்மைத் தொட வேண்டாம். பெயர், எண், முகப்புப் படம் மூன்றையும் கேமராவே போட்டுக் கொடுத்துவிட்டதால் தகராறுக்கு இடமில்லை. தாளில் எழுதிய தலைப்புதான் இனி அந்த வீடியோவின் முகப்பு! பத்து வீடியோ போட்டாலும் எது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) மறைந்திருந்தால், பெயர் மாற்றும்போது ஏவிஐ என்பது இரண்டு தடவை வந்துவிடும். எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாதிரி எடுக்காமல் நீங்களே எண் போடுவதாக இருந்தால் 9999 போன்ற பெரிய எண் வேண்டவே வேண்டாம். அடுத்து எடுக்கும் படங்களின் வரிசை எண் அதைத் தொடர்ந்து போய்விடக்கூடும்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

முதல் முயற்சிக்கு அரை நிமிட வீடியோ போதும். வராவிட்டால் எங்கே கோளாறு என்று கேமரா நடந்துகொள்ளும் விதமே காட்டிக்கொடுக்கும். பட்டியலிலேயே தெரியவில்லையா? பெயர், ஃபோல்டர், டிஎச்எம் மூன்றையும் பாருங்கள். முகப்பு தெரிகிறது, ஓடவில்லையா? கோடெக், அளவு, 4:2:2 இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை. திக்கித் திக்கி ஓடுகிறதா? ஜேபெக் தரத்தைக் குறைத்து மறுபடி மாற்றுங்கள். படம் வந்து சத்தம் வரவில்லை என்றால் மீடியாஇன்ஃபோவில் ஆடியோ விவரங்களை ஒப்பிடுங்கள்.

ஃபூஜியில் கோப்பின் பெயர் டிஎஸ்சிஎஃப் என்றும், நிக்கான் கூல்பிக்ஸில் டிஎஸ்சிஎன் என்றும் தொடங்கும். பழைய பானாசோனிக் லூமிக்ஸ்கள் மோஷன் ஜேபெக்கையே குயிக்டைம் கோப்பாக வைக்கும். பழைய சோனி சைபர்ஷாட் பலவற்றில் எம்பெக்-1. ஏவிசிஎச்டி என்ற வீடியோ முறையில் பதியும் கேமராக்களில் இந்த வழி எடுபடாது. அவை வீடியோக்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அதில் உள்ளதை மட்டுமே காட்டும்.

டிவியில் பார்க்க, கேமராவோடு வந்த ஏவி கேபிளின் மஞ்சள், வெள்ளை முனைகளை டிவியில் அதே நிறத் துளைகளில் செருகுங்கள். கேமரா மெனுவில் வீடியோ சிஸ்டம் என்பதை பிஏஎல் என்று வைக்க வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதுதான்.

எல்லாம் சரியாக ஓடினால், கேமராவின் பிளே மெனுவில் 'புரொடெக்ட்' கொடுத்துச் சாவிக் குறி வரச் செய்யுங்கள். 'எல்லாவற்றையும் அழி' என்பதை யாராவது தெரியாமல் அமுக்கினாலும் வீடியோ போகாது. ஆனால் கார்டை ஃபார்மட் செய்தால் சாவிக் குறி போட்ட வீடியோவும் சேர்ந்தே போய்விடும். மூலக் கோப்பு கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.