மெயில் வருகிறது, போகவில்லை

மன்னார்குடி வீட்டில் பழைய இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறிய அன்று, தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் மெயில் வந்தது, ஆனால் போகவில்லை. சம்பா விதைநெல்லுக்கான ஆர்டர் அவுட்பாக்ஸிலேயே கிடந்தது. பாஸ்வேர்டை மூன்று தரம் மாற்றியும் பலனில்லை. அப்புறம் வெளிச்செல்லும் சர்வர் அமைப்பைத் திறந்தேன். பழைய இணைய நிறுவனத்தின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) முகவரியும், அதற்கான வாசல் எண்ணான போர்ட் 25-உம் அப்படியே இருந்தன.

தன் வலையமைப்புக்கு வெளியிலிருந்து வரும் மெயிலை அந்த சர்வர் வாங்கி அனுப்பாது. தவிர, ஸ்பேமைத் தடுக்கப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்தே வைக்கின்றன. என் கணக்கு ஜிமெயில்தான். அதனால் 'எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்', போர்ட் 587, பாதுகாப்புக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற குறியாக்க முறை, உள்நுழைவுக்கு ஓஆத்2 (கூகுள் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை) என்று மாற்றினேன். இதற்கு 465-உம் சரிவரும். அப்போது எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

பத்து நிமிஷத்தில் திருவாரூர் கடைக்காரரே கூப்பிட்டார்: "மெயில் வந்துடுச்சு தம்பி, மூட்டையை நாளைக்கே ஏத்திடுறேன்."