புரொஸ்டேட்டை உறையவைத்தாயிற்று, அதற்குப் பிறகு செய்யும் பிழைகள்

பெரியப்பா கனடாவில் மகனோடு இருந்தபோது அவருடைய புரொஸ்டேட் புற்றுநோய்க்கு உறையவைக்கும் சிகிச்சை செய்தார்கள். புரொஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. கிளிநொச்சிக்குத் திரும்பியதும், "ஒரே நாளில் முடிஞ்சுது" என்றார். அது உண்மைதான். விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடையிலுள்ள தோல் வழியே மெல்லிய ஊசிகளைச் செலுத்தி, ஆர்கன் வாயுவால் சுரப்பியை மைனஸ் 40 பாகை அளவுக்குக் குளிரவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பார்கள். ஊசிவேலை அன்றோடு முடியும். கண்காணிப்பு முடியாது.

பெரியப்பா செய்த பெரிய பிழை அங்கேதான். சலம் ஒழுங்காகப் போகிறது, நோவு இல்லை, வயலில் அறுவடை நிற்கிறது. ஒன்றரை வருடம் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, அதாவது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது, செய்யவே இல்லை. திரும்பி வரும் நோய் தொடக்கத்தில் நோவாகத் தெரியாது, அந்த இலக்கத்தில்தான் முதலில் தெரியும். கனடாவில் 244 பேரை இரு பிரிவாக்கி உறையவைத்தலையும் கதிர்வீச்சையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. 3 ஆண்டுகளில் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குச் சிகிச்சை தோற்றதாகக் கணக்கிட்டார்கள். ஆகவே முதல் ஓரிரு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், ஆண்டுக்கணக்காகப் பரிசோதிக்க வேண்டும்.

சரி, பரிசோதித்தாலும் இலக்கத்தைப் பிழையாக வாசிக்கலாம். சத்திரசிகிச்சையில் சுரப்பியையே எடுத்துவிடுவதால் பி.எஸ்.ஏ. பூச்சியத்தை ஒட்டி நிற்கும். இங்கே சலக்குழாய் உறையாமல் இருக்க அதற்குள் சூடான குழாயை வைப்பதால், சுற்றியுள்ள கொஞ்சத் திசு உயிரோடு மிஞ்சும். அது சிறிதளவு பி.எஸ்.ஏ.யைச் சுரந்துகொண்டே இருக்கும். 0.4 என்று வந்ததைப் பார்த்துப் பெரியம்மா அழுதது வீண். சிகிச்சைக்குப் பின் தொட்ட மிகக்குறைந்த இலக்கத்திலிருந்து 2 கூடினால் நோய் திரும்பியதாகக் கருதுவது மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு. பெரியப்பாவின் மிகக்குறைந்த இலக்கம் 0.4 என்பதால் அவருக்கு அது 2.4. அதற்கு முன்பே இலக்கம் தொடர்ந்து ஏறினாலும் காட்டத்தான் வேண்டும். ஒருமுறை ஏறியதும் பதறக்கூடாது. சலத்தில் கிருமி இருந்தாலும் ஏறும், மாறி மாறி வெவ்வேறு ஆய்வுகூடங்களில் எடுத்தாலும் வித்தியாசம் வரும். சுரப்பியைச் சுருக்கும் பினாஸ்டிரைட் மாத்திரையோ இலக்கத்தை ஏறத்தாழப் பாதியாக்கிக் காட்டும். அதைக் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

ஆண்குறி விறைப்பு வராததை வெட்கத்தில் மறைப்பவர்களுக்காக மனம் வருந்துகிறேன். முழுச் சுரப்பியையும் உறையவைத்தால் பக்கத்து நரம்புகளும் உறைகின்றன, பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குறை வரும். சிலருக்குக் காலப்போக்கில் விறைப்பு ஓரளவு திரும்பும், மருந்தும் உண்டு. மனைவியோடும் மருத்துவரோடும் பேசுங்கள். சலம் கசிந்தாலும் அப்படியே மறைக்காமல் சொல்லுங்கள். சலத்தோடு காற்றோ மலமோ வந்தால் மட்டும் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது அரிது, ஆனால் பாரதூரமானது.

இலக்கம் ஏறிவிட்டால் "இனி ஒன்றுமில்லை" என்று வீட்டோடு இருப்பதும் பிழை. எம்.ஆர்.ஐ., திசுப் பரிசோதனை பார்த்து, சிலருக்கு மறுபடி உறையவைக்கலாம், சிலருக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம்.

கனடாவில் தந்த கடதாசிகளைப் பெரியப்பா அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தார், பாதியைக் கறையான் அரித்துவிட்டது. மிஞ்சியதைப் பிரதியெடுத்து கிளினிக் கொப்பியோடு சேர்த்தோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியும் இலக்கமுமாக இப்போது அவரே எழுதுகிறார்.