லெயோன்: வெயில் பார்த்துச் சுற்ற வேண்டிய ஊர்

வட ஸ்பெயினின் லெயோனில் முக்கியமான இடங்களெல்லாம் நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு நாள் போதும். ஆனால் பேராலயத்தைக் காலையிலேயே பார்த்து முடித்துவிடாதீர்கள், அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு ஏற்றது பிற்பகல்தான்.

காலையில் சான் இசிதோரோ என்ற பழைய தேவாலயத்துக்குப் போங்கள். பலர் தேவாலயத்துக்குள் மட்டும் போய்விட்டு, எல்லாம் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் தவறவிடக் கூடாதது அங்குள்ள அரச கல்லறை மண்டபம். அங்கே அருங்காட்சியகத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தனிச் சீட்டு. உள்ளே படம் எடுக்கக் கூடாது, அதனால் கண்ணாலேயே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விதானம் தாழ்வானது. 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் தலைக்கு மேலேயே விரியும். இயேசு பிறந்த செய்தியை மேய்ப்பர்கள் கேட்கும் காட்சியில், ஒருவர் கிண்ணத்தை நீட்ட, அவருடைய நாய் நாக்கை நீட்டிப் பால் நக்குகிறது. பக்கத்து வளைவில் 12 மாதங்களும் வட்டங்களாக வரிசையாக இருக்கும். பிப்ரவரியில் ஒருவர் நெருப்பில் குளிர்காய்கிறார், நவம்பரில் பன்றியை அறுக்கிறார்கள். அவசரப்படாமல் தேடிப் பாருங்கள்.

பேராலயத்துக்குப் போகும் வழியில் கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய காசா போதினெஸ் என்ற கட்டடம் வரும். வாசலுக்கு மேலே புனித ஜார்ஜ் சிலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு நகரலாம்.

ஸ்பெயின் கடிகாரம் சூரியனைவிட மிகவும் முந்தி ஓடுகிறது. கோடையில் லெயோனில் உச்சிப்பொழுதே பிற்பகல் 2.20 வாக்கில்தான். அப்போது பேராலயத்தின் தெற்குச் சன்னல்கள் ஒளிரும். மேற்கு முகப்பின் பெரிய வட்டச் சன்னலில் வெயில் நேராக விழ மாலையாகும். ஆனால் அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிடக் கூடாது. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், அன்றைய நேரங்களை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததும் எல்லாம் இருட்டாகத் தெரியும். பத்து நிமிடம் உட்காருங்கள், நிறங்கள் மெல்லத் துலங்கும். ஏறத்தாழ 1,800 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி! வடக்கே பழைய ஏற்பாடு குளிர்ந்த நிறங்களில், தெற்கே புதிய ஏற்பாடு வெதுவெதுப்பான நிறங்களில். உயரத்தில் இருக்கும் உருவங்களுக்குத் தொலைநோக்கி இல்லாமல் முடியாது. போனில் படமெடுத்தால் கண்ணாடி வெளுத்துப் போகும். திரையில் கண்ணாடியின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஆற்றோரத்தில் இருக்கும் பழைய மடமான சான் மார்கோஸின் முகப்பையும் பாருங்கள். கால் வலித்தால் அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.